சார்கிட்ட சொல்லியாச்சா?

ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு கட்சிக்காரர் வழக்கு விஷயமாக உத்தமபாளையத்துக்கு வருகிறார். சீனியர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் சொல்வது, வீட்டில் நாலு பேரை வைத்துப் பேசி முடித்துக்கொண்டு வந்த கதை. அதில் பிசிறே இருக்காது. பத்திரத்தை நகலெடுக்க ஜூனியரோடு ஜெராக்ஸ் கடைக்கு நடக்கும்போதுதான் வாய் திறக்கும். “தம்பி, இன்னொண்ணு இருக்கு. வக்கீலய்யா கோவிச்சுக்குவாரோன்னு உள்ள சொல்லல.” பங்காளிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெள்ளைத்தாளாக இருக்கும். கைமாற்றாக வாங்கிய பணமாக இருக்கும். பத்து வருடத்துக்கு முன்பு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒத்துக்கொண்ட பேச்சாக இருக்கும். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த இன்னொன்றில்தான்.

ஜெராக்ஸ் கடையில் சொன்ன அந்தச் சங்கதி சீனியரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா? ஒரு வக்கீல் ஆபீஸ் நல்ல ஆபீஸா என்று பார்க்க நான் முதலில் கேட்பது இதைத்தான். நூலகத்தில் எத்தனை புத்தகம், ஏ.சி. உண்டா, வாசலில் எத்தனை கார் என்பதெல்லாம் அப்புறம்.

நான் ராயப்பன்பட்டிக்காரி. உத்தமபாளையத்திலிருந்து ஆனைமலையன்பட்டி தாண்டி, மலையை ஒட்டிப் போனால் எங்கள் ஊர். சண்முகா நதி அணை பக்கத்தில்தான். பன்னீர் திராட்சைப் பந்தல் இல்லாத திசையை எங்கள் ஊரில் பார்ப்பது கஷ்டம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகைகள் கொண்டாடின. கோர்ட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தப் பந்தலின் மறுபக்கமும் தெரியும். திராட்சை, பறித்தால் காத்திருக்காத சரக்கு. வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, செக்கை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. தோட்டம் அண்ணன் தம்பிக்குள் பிரியப் பிரியக் கிணறும் பிரியும். மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என்று பத்திரத்தில் ஏறும். மோட்டார் ஓட்டுகிற முறை யாருக்கு எந்தக் கிழமை என்பது மட்டும் பத்திரத்தில் இருக்காது, வாய்ப்பேச்சில் இருக்கும். மேலத் தோட்டத்துக்காரர் கீழத் தோட்டத்து வரப்பில்தான் வண்டி கொண்டுபோக வேண்டும். செக், கிணறு, பாதை. உத்தமபாளையம் முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் எங்கள் பக்கத்து வழக்குகளில் பெரும்பங்கு இவைதான். மூன்றிலும் எழுத்தில் இருப்பது பாதி, வாயில் இருப்பது மீதி. அந்த மீதியைக் கேட்டுக்கொண்டு வருவது ஜூனியரின் வேலை.

மதுரை அரசு சட்டக் கல்லூரியில் படித்து 1999-ல் பதிவு செய்தேன். அந்த ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சுதீர் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதிதாக வருகிறவர்கள் ஓராண்டு சீனியரிடம் பயிற்சி எடுத்தால்தான் வக்கீலாகப் பதிவு செய்யலாம் என்று இந்திய பார் கவுன்சில் 1995-ல் கொண்டுவந்த விதி செல்லாது என்றது அது. 1961-ம் வருட வழக்கறிஞர் சட்டத்தில் ஆரம்பத்தில் பயிற்சியும் பரீட்சையும் இருந்தன. 1973-ல் திருத்தம் கொண்டுவந்து எடுத்துவிட்டார்கள். சட்டம் எடுத்ததை விதி திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அன்று கோர்ட் சொன்ன காரணத்தின் சாரம். 2010-ல் அகில இந்திய பார் தேர்வு என்று ஒன்று வந்தது, இன்றும் நடக்கிறது. அதில் தேறியவருக்கும் பிராது எழுதுவது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, கோபத்தோடு வரும் கட்சிக்காரரை உட்கார வைப்பது எதுவும் தெரிந்திருக்காது. ஆக, டாக்டருக்கு ஹவுஸ் சர்ஜன் மாதிரி வக்கீலுக்குக் கட்டாயப் பயிற்சி என்று எதுவும் கிடையாது. சீனியரின் அறைதான் பள்ளிக்கூடம். அந்த அறையில் கேள்வி கேட்க முடியாவிட்டால், அந்தப் பிள்ளைக்கு வேறு இடமே இல்லை.

சென்னையில் 1908-ல் தொடங்கிய கிங் அண்ட் பார்ட்ரிட்ஜ் போன்ற பங்குதாரர் நிறுவனங்கள் உண்டு. அங்கே பார்ட்னர், அசோசியேட் என்று படிநிலை இருக்கும், சம்பளம் மாதம் தவறாமல் வரும். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படியெல்லாம் இல்லை. ஒரு சீனியர், இரண்டு மூன்று ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, வாடகைக் கட்டடத்தில் முன்னறை பின்னறை. ஆனாலும் வக்காலத்தில் சீனியர் பெயரோடு ஜூனியர் பெயரும் ஏறுகிறது. கட்சிக்காரர் அந்த எல்லாப் பெயருக்கும் கீழேதான் கையெழுத்துப் போடுகிறார். தாளில் கூட்டாகப் பொறுப்பேற்றவர்கள் அறைக்குள் ஒருவரோடொருவர் பேசாமல் இருப்பது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம். நான் இதைவிடக் குறைந்த வார்த்தையில் சொல்ல விரும்பவில்லை.

என் சீனியர் காலமாகிவிட்டார். அதிகம் பேசாதவர், கோபமும் வரும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் கட்சிக்காரர்கள் போன பிறகு டைரியை மூடி வைத்துவிட்டு ஜூனியர்களைப் பார்ப்பார். “வெளிய என்ன சொன்னாங்க?” என்று கேட்பார். தினமும் அதே கேள்வி. கட்சிக்காரர் தன்னிடம் சொன்னது முழுசில்லை என்பதை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டதே இல்லை. “நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கேன். எனக்கு முன்னாடி யாரும் முழுசாப் பேசமாட்டாங்க. நீங்க கேட்டுட்டு வந்தாத்தான் எனக்கு” என்பார். பேச்சு வளர்ந்து நாங்கள் கடைசி பஸ்ஸை விட்ட நாட்களும் உண்டு. அப்போது குமாஸ்தா அண்ணன் தன் வண்டியில் என்னை ஊரில் விட்டுவிட்டுப் போவார்.

அந்தக் கேள்வி என்ன செய்தது என்பதற்கு ஒரு பாதை வழக்கைச் சொல்கிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர். ரோட்டோரம் அண்ணனுக்கு, மலையோரம் தம்பிக்கு. அண்ணன் தன் பாகத்தில் கம்பிவேலி போட்டுத் தம்பியின் வண்டிப்பாதையை அடைத்துவிட்டார். தம்பி சீனியர் முன்னால் உட்கார்ந்து, “இருபத்தஞ்சு வருஷமா அந்தப் பாதையிலதான் போறோம் வர்றோம்” என்றார். 1882-ம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு 20 ஆண்டு கேட்கிறது. தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு அனுபவித்திருக்க வேண்டும். சீனியர் அந்தப் பிரிவின்படி பிராதுக்குக் குறிப்புக் கொடுத்தார், நான் எழுத ஆரம்பித்தேன்.

தம்பியின் மனைவி என்னோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். ஊரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் பிறந்த வீடு. “ஏம்மா, இருபது வருஷம்னு சொன்னாத்தான் கேசு நிக்கும்னு டீக்கடையில சொல்லி அனுப்புனாங்க. எங்க மாமனார் செத்து பாகம் பிரிச்சே பதினாலு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி எல்லாம் ஒண்ணாத்தான கெடந்துச்சு?” என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதில் எங்கள் பிராது மொத்தமாகப் போய்விட்டது. சொத்து கூட்டாக இருந்த காலத்தில் தன் நிலத்தின் மேல் தனக்கே யாரும் வசதியுரிமை சம்பாதிக்க முடியாது. பாகம் பிரிந்த பிறகு ஓடிய 14 வருடம் 20-க்குப் போதாது. பாகம் பிரித்த கூர்ச்சீட்டை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டிய அன்றே வழக்கு முடிந்திருக்கும். அதோடு நிற்காது. பிராதில் சத்தியம் செய்து பொய் சொன்னவர் என்ற பெயரும் கட்சிக்காரருக்கு வந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் வழக்கமான கேள்வி வந்தபோது சொன்னேன். சீனியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுதியிருந்த பிராதை வாங்கி இரண்டாகக் கிழித்தார். பிறகு, “13-ஐ எடுத்துப் படி” என்றார். அதே சட்டத்தின் 13-வது பிரிவு. கூட்டுச் சொத்து பாகம் பிரியும்போது, ஒரு பாகத்துக்கு இன்னொரு பாகத்தின் வழியாகப் போனால் தவிர வேறு வழியே இல்லை என்றால், அந்தப் பாதை அவசியத்தால் வரும் உரிமை. அதற்கு 20 வருடமும் வேண்டாம், 10 வருடமும் வேண்டாம். பாகம் பிரிந்த அன்றே பிறந்துவிடும். எது எங்களைத் தோற்கடிக்க இருந்ததோ அதுவே வழக்கின் அஸ்திவாரம் ஆயிற்று. வேறு பாதை உண்டா இல்லையா என்று சர்வேயரோடு கோர்ட் கமிஷனர் போய்ப் பார்த்தார், இல்லை என்று அறிக்கை வந்தது. கடைசியில் லோக் அதாலத்தில் அண்ணனே வண்டி போகும் அகலத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஆகும் முடிவுக்கு அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் பீஸும் திரும்பக் கிடைக்கும். இரண்டு குடும்பமும் மாதா கோயில் திருவிழாவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

பிராதைக் கிழித்த அன்று சீனியர் கட்சிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. “இருபது வருஷம்னு யாரு சொல்லிக் குடுத்தா?” என்று மட்டும் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “உன் வீட்டம்மா சொன்னதுதான் சரி. அந்தம்மாவையும் கூட்டிட்டு வா, சாட்சியும் அவங்கதான்” என்றார். என் பெயர் அந்தப் பேச்சில் வரவில்லை. ஜூனியர் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று கட்சிக்காரர் நினைத்தால் அடுத்த தடவை ஜெராக்ஸ் கடையிலும் பேச மாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் இளம் வக்கீல்கள் பலருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. கட்சிக்காரர் நம்பி ஜூனியரிடம் சொன்னதைச் சீனியரிடம் சொல்லலாமா? சொல்ல வேண்டும். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று சாட்சியச் சட்டத்தில் பழைய 126-ம் பிரிவு சொன்னது. 127 அதைக் குமாஸ்தாவுக்கும் நீட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் இரண்டும் சேர்ந்து 132-ஆக இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு ஆபீசுக்கு வெளியே இருப்பவர்களிடமிருந்து. ஆபீசுக்குள் சீனியருக்கும் ஜூனியருக்கும் நடுவில் சுவர் எழுப்புவதற்கு அந்தப் பிரிவைப் பிடிக்கக்கூடாது. நான் என் ஜூனியர்களிடம் சொல்லி வைத்திருப்பது இது: “மேடம்கிட்டச் சொல்லாதீங்க” என்று கட்சிக்காரர் ஆரம்பிக்கும்போதே, “அம்மா, நீங்க என்கிட்டச் சொன்னா மேடம்கிட்டச் சொன்ன மாதிரிதான், வெளிய மட்டும் போகாது” என்று சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டு அப்புறம் சொல்வது சரியில்லை. பெரும்பாலானவர்கள் அதைக் கேட்ட பிறகும் சொல்லத்தான் செய்கிறார்கள். மனதில் இருப்பதை இறக்கி வைக்கத்தானே அவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள்.

எல்லா ஆபீசிலும் சாயங்காலக் கேள்வி கிடையாது. வேறோர் ஆபீசில் நடந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். ஒரு திராட்சை விவசாயிக்கு வியாபாரி கொடுத்த செக், பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு. செக் திரும்பியது பேங்கிலிருந்து தெரியவந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிக்கச் சொல்லலாம், 2002 திருத்தத்தில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் தாமதமானால் மன்னிப்பு இல்லை.

அந்த ஆபீசில் சீனியர் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் வழக்குகளுக்காகப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். ஜூனியர் பையன் கட்டை வாங்கி அலமாரியில் வைத்தான். வேறு வேலைகளுக்கு நடுவில் 30 நாள் கடந்துவிட்டது. கடந்துவிட்டது என்று தெரிந்த நாளில் அவனுக்குப் பயம் பிடித்தது. அந்தச் சீனியர் கட்டைத் தூக்கி எறிபவர், கட்சிக்காரர் முன்னால் திட்டுபவர். பையன் சொல்லவில்லை. தாமதமாக நோட்டீஸ் அனுப்பினான், புகாரும் போட்டான், வாய்தாக்கள் ஓடின. விசாரணைக்கு வந்தபோது எதிரி வக்கீல் பேங்க் மெமோவின் தேதியையும் நோட்டீஸின் தேதியையும் அருகருகே வைத்துக் கேட்டார். அவ்வளவுதான். பணத்துக்கு சிவில் வழக்குப் போடலாம் என்றால் அதற்கு உள்ள மூன்று வருடக் கெடுவும் அதற்குள் போயிருந்தது.

இதில் என் மனம் ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. 31-வது நாளில் அந்தப் பையன் வாய் திறந்திருந்தால் வழக்கைக் காப்பாற்றியிருக்கலாம். செக்குக்குத் தேதியிலிருந்து மூன்று மாதம் ஆயுள். அந்த ஆயுளுக்குள் மறுபடியும் பேங்கில் போடலாம். மறுபடி திரும்பினால், இரண்டாவது தடவைக்குப் புதிதாக 30 நாள் கணக்கு ஓடும். முதல் தடவை விட்டுவிட்டதால் உரிமை போய்விடாது என்று 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று நீதிபதிகள் அமர்வில் தீர்த்துச் சொன்னது. அந்தச் செக்குக்கு அப்போது ஆயுள் மிச்சம் இருந்தது. சீனியருக்கு அந்தத் தீர்ப்பு மனப்பாடம். ஜூனியருக்குத் தேதி தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு போகத்தின் வருமானம் போனது எங்கள் பக்கத்து விவசாயிக்கு.

பையனை எல்லோரும் திட்டினார்கள். அவன் தொழிலையே விட்டுப் போய்விட்டான். நான் அந்தப் பையனைக் குறைவாகவும் அந்தச் சீனியரை அதிகமாகவும் குற்றம் சொல்வேன். கெட்ட செய்தி கொண்டுவருகிறவனை அடிக்கிற ஆபீசுக்குக் கெட்ட செய்தி வராது. கெட்டது மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

என் சீனியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும் நாட்கள் நினைவுக்கு வருகின்றன. 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறக்கும் வரை ஹைகோர்ட் என்றால் சென்னைதான், போனால் சில நாள் ஆளே இருக்க மாட்டார். கையில் போனும் கிடையாது. தங்குகிற லாட்ஜின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, “கெடு விஷயம்னா ராத்திரி எத்தனை மணி ஆனாலும் எஸ்.டி.டி. பூத்துல இருந்து கூப்பிடு. காசு ஆபீஸ் கணக்கு” என்பார். அந்தக் கடைசி வார்த்தை முக்கியம். ஜூனியரின் பாக்கெட்டில் போன் பேசக்கூடக் காசு இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பேசுவதற்கு இடம் பொருள் உண்டு. சீனியர் வாதம் செய்துகொண்டிருக்கும்போது ஜூனியர் எழுந்து, “சார், அது அப்படியில்லை” என்று நீதிபதி காதில் விழச் சொன்னால் வழக்கு கெடும். அதற்குத்தான் துண்டுச்சீட்டு. குறுக்கு விசாரணையில் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் நீட்டும் சீட்டில் வாக்கியம் இருக்கக்கூடாது. ‘வா.சா.ஆ. 3, பக். 2, தேதி’ (வாதி தரப்புச் சான்றாவணம் 3, இரண்டாம் பக்கம்) என்று இருந்தால் போதும். சீனியர் கண் சாட்சியிலிருந்து எடுபடாமல் கை அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். இதை எழுதப் பழக ஜூனியருக்குக் கட்டு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். அதை வாங்கிப் பார்க்கச் சீனியருக்கு மனம் வேண்டும். சீட்டை வாங்கிக் கசக்கிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை கசக்கினால் மூன்றாவது சீட்டு வராது.

கடந்த சில ஆண்டுகளில் நிலைமை ஒரு வகையில் தலைகீழாகியிருக்கிறது. 2023 செப்டம்பரில் மாவட்ட நீதிமன்றங்களில் மின்னணுத் தாக்கலைக் கட்டாயமாக்கியபோது தமிழ்நாடு முழுக்க வக்கீல்கள் எதிர்த்தார்கள். ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். ஆக்கி, பக்கத்துக்குப் பக்கம் பார்த்து ஏற்றுவது ஜூனியர்களின் கையில் இருந்தது. எந்த மனு குறையோடு திரும்பியிருக்கிறது, எது எண்ணாகியிருக்கிறது என்பது சீனியருக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தன. முப்பது வருடம் நாக்கில் ஊறிய எண்கள் எல்லாம் மாறிவிட்டன. வழக்கை ரத்து செய்ய ஹைகோர்ட்டில் போடும் 482 மனு இப்போது 528. அதே 482 என்ற எண் புதிய சட்டத்தில் முன்ஜாமீனுக்குப் போயிருக்கிறது, பழைய 438. ஒரு மூத்த வக்கீல் பழக்கத்தில் 482 என்று சொன்னால் மனுவின் அர்த்தமே மாறிவிடும். இளையவர்களுக்குப் பழைய எண் பழக்கம் இல்லாததால் புதியது சுலபமாக வருகிறது. “சார், அது இப்ப 528” என்று ஒரு ஜூனியர் பாரில் பத்துப் பேர் நடுவில் சொல்லி, “அட ஆமாப்பா” என்று சீனியர் திருத்திக்கொண்ட காட்சியை உத்தமபாளையத்தில் பார்த்தேன். மனம் நிறைந்தது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஏனென்றால் எங்கள் ஆபீசுகளில் அதிகம் பேசாமல் விடப்படுவது அதுதான். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று மாநில பார் கவுன்சிலைச் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000. அந்த ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரை செய்தது. தேனி மாவட்டத்தில் ஒரு சின்ன ஆபீஸ் நடத்தும் சீனியருக்கு 15,000 பெரிய பணம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு முடியும் என்பதைச் சேரும் நாளிலேயே உட்கார்ந்து பேசிவிட முடியும். பெட்ரோலுக்கு வைத்துக்கொள் என்று சனிக்கிழமை சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது அன்பாக இருக்கலாம், ஆனால் வாங்குகிறவன் அடுத்த வாரம் உங்கள் தவறைச் சுட்டிக்காட்டுவானா? கையேந்தி வாங்கிய வாய் தயங்கும். முதல் தேதியில் பேசிய தொகையைக் கொடுத்துவிட்டால் அவன் நிமிர்ந்து பேசுவான். என் ஆபீசில் தொகை குறைவுதான். ஆனால் தேதி தவறியதில்லை, எப்போது உயரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வசதியில்லாத வீட்டிலிருந்து, முதல் தலைமுறையாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குத்தான் இந்த மௌனம் அதிகம் வலிக்கிறது. அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருந்தால் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை யாரிடம் கேட்கும்? எந்தச் சாதி ஆபீஸ் என்று பார்த்துப் பார்த்துச் சேர வேண்டிய நிலை எங்கள் பக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அது வெட்கக்கேடு.

பெண்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. நேரம் கழித்து உட்கார வைப்பது, தேவையில்லாத போன், சொல்ல முடியாத பேச்சு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்காது. அதனால் வழியில்லை என்று பல பெண் ஜூனியர்கள் நினைக்கிறார்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டம் அப்படிப்பட்ட இடங்களுக்காகவே மாவட்டத்தில் உள்ளூர்க் குழு அமைக்கச் சொல்கிறது. புகாரை அங்கே கொடுக்கலாம், சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லும் நம் பார் அறைகளின் சுவரில் இந்த ஒரு தகவலை ஒட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

என் ஆபீசில் ஒவ்வொரு கட்டின் அட்டைக்கு உள்பக்கமும் ஒரு தாள் இருக்கும். ஜூனியருக்கு வரும் சந்தேகத்தை அதில் எழுத வேண்டும். பக்கத்தில் நான் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாயால் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட எழுதிவிடுகிறார்கள். ‘பட்டாவில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ளதும் ஒத்துவரவில்லை, எது சரி?’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். கேட்டுப் பார்த்ததில், பழைய சர்வே எண் உட்பிரிவானபோது ஒரு துண்டு பக்கத்துத் தோட்டத்தோடு சேர்ந்து போயிருந்தது தெரிந்தது. வழக்குப் போடுவதற்கு முன்பே தாசில்தார் ஆபீசில் மனுக் கொடுத்தோம். பதில் எழுதாமல் நான் விட்ட தாளைக் குமாஸ்தா எடுத்து என் மேசையில் வைப்பார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

என் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வக்கீல் ஆபீசுக்கு வரும்போது வீட்டுப் பெண்களையும் கூட்டி வாருங்கள். தோட்டத்தில் எந்த வருடம் என்ன நடந்தது என்று அவர்களுக்குத்தான் நினைவிருக்கிறது. கூர்ச்சீட்டு, கிழிந்த ரசீது, பேங்க் மெமோ எதையும் இது எதற்கு என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். உங்களுக்குப் பாதகமானதை முதலில் சொல்லுங்கள், சாதகமானதைக் கடைசியில் சொல்லலாம். ஜூனியரிடம் ஏதாவது சொல்லியிருந்தால் அடுத்த முறை அவரைப் பார்த்து, “சார்கிட்ட சொல்லியாச்சா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சக சீனியர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சின்னது. உங்கள் அலமாரியில் இப்போது இருக்கும் செக் வழக்குக் கட்டுகளை நாளைக்கே ஜூனியரோடு உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். மெமோ தேதியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்றில் கெடு தாண்டியிருந்தால் குரலை உயர்த்தாமல், செக்குக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.